கேட்டதும் சொன்னதும்: மறுபடியும் அந்தச் சுறா

கும்பகோணம் வாசகர்: முதல் 'ஜாஸ்' படத்தைப் பார்த்து மிரண்டவன் நான். 'ஜாஸ் 2' பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், "அது காசுக்காக எடுத்த படம் அப்பா" என்று மகன் சேனலை மாற்றிவிடுகிறான். நீங்கள் யார் பக்கம்?

பதில்: காசுக்காக எடுத்ததுதான், அதில் மகனோடு மல்லுக்கு நிற்காதீர்கள். 1975இல் வந்த முதல் படம் அமெரிக்காவில் அதுவரை எந்தப் படமும் காணாத வசூலைக் கண்டது. அந்தப் பசுவை ஒரே வேளை கறந்துவிட்டு யுனிவர்சல் நிறுவனம் சும்மா இருக்குமா? முதல் படத்தை இயக்கிய ஸ்பீல்பெர்க் வரவில்லை. ஜான் ஹான்காக் என்பவரை இயக்குநராக வைத்து 1977இல் தொடங்கினார்கள். கதை நடக்கும் கடற்கரை ஊரான அமிட்டியை, சுறாவால் பிழைப்புக் கெட்டு, பாழடைந்து கிடக்கும் ஊராகக் காட்ட நினைத்தார் அவர். முதலாளிகளுக்கு அந்த இருட்டு பிடிக்கவில்லை. சில வாரப் படப்பிடிப்போடு அவரை அனுப்பிவிட்டு ஜானோ ஸ்வார்க்கைக் கொண்டுவந்தார்கள். 1978 ஜூனில் படம் வெளியானது. இத்தனை குளறுபடியில் பிறந்தது உருப்படியாக வந்ததே பெரிய விஷயம்.

நான் உங்கள் பக்கம் வருவது படத்தின் முதல் பாதிக்காக. அதில் சுறாவைவிட முக்கியமான ஒன்று நடக்கிறது: சரியாகச் சொல்லும் ஒருவனை ஊரே சேர்ந்து பைத்தியக்காரன் ஆக்குகிறது. அமிட்டியில் புது ஹோட்டல் திறந்திருக்கிறார்கள், மனை விற்கப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் போலீஸ் தலைவர் பிராடி 'சுறா' என்று வாயைத் திறந்தால் யாருக்கு இனிக்கும்?

கடற்கரைக் கோபுரக் காட்சியை மட்டும் மகனுக்குப் போட்டுக் காட்டுங்கள். பிராடி மேலே உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீருக்குள் கருப்பாக ஒரு நிழல் நகர்கிறது. மணியடிக்கிறார், இறங்கி ஓடுகிறார், எல்லோரையும் வெளியே வரச் சொல்லிக் கத்துகிறார், துப்பாக்கியை எடுத்துக் கடலைச் சுடுகிறார். வந்தது வெறும் மீன் கூட்டம். குழந்தைகளை அள்ளிக்கொண்டு ஓடிய கூட்டம் அவரையே வெறித்துப் பார்க்கிறது. இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு முக்கியம். அந்த மனிதர் மணலில் குனிந்து, சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளைப் பொறுக்குகிறார். சின்ன மகனும் வந்து கூடப் பொறுக்குகிறான். அவமானத்தைக் காட்ட இதைவிட என்ன வேண்டும்? வசனமே எழுதாமல் விட்டவரைப் பாராட்டுகிறேன்.

பிறகு, கடலுக்கடியில் மூழ்குவீரரின் கேமராவில் சிக்கிய படம் ஒன்றை ஊர்சபையின் முன் வைக்கிறார் பிராடி. அவர் கண்ணுக்கு அது சுறாவின் கண். மற்றவர்களுக்கு அது மங்கலான ஏதோ ஒன்று. வேலை போய்விடுகிறது.

பிராடியாக நடித்த ராய் ஷைடர் இதில் முகத்தைச் சிடுசிடுவென்று வைத்திருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. 'தி டீர் ஹன்டர்' படத்திலிருந்து கடைசி நேரத்தில் விலகியதால் யுனிவர்சலோடு அவருக்கு ஒப்பந்தத் தகராறு. இதில் நடித்தால் பாக்கியிருக்கும் இரண்டு படங்களுக்கு ஈடாக வைத்துக்கொள்கிறோம் என்றார்கள், வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார். அந்த வெறுப்பு பிராடிக்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்திவிட்டது. சந்தோஷமாக வந்திருந்தால் இவ்வளவு நன்றாக நடித்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

மதுரை வாசகர்: முதல் படத்தில் சுறாவை ஒளித்து ஒளித்துக் காட்டினார்கள். இதில் சீக்கிரமே காட்டிவிட்டார்கள். பயமே போய்விட்டதே?

பதில்: முதல் படத்தில் ஒளித்ததில் பாதி கலை, பாதி கட்டாயம். இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி மக்கர் செய்தது. அதனால் மிதக்கும் பீப்பாய்களும் ஜான் வில்லியம்ஸின் இசையும் சுறாவுக்குப் பதிலாக நடித்தன. ஸ்வார்க்கின் வாதம் வேறு: சுறா எப்படி இருக்கும் என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டது, இனி ஒளித்து என்ன பயன்? நியாயமான கேள்விதான். அதற்காகத் தண்ணீர்ச் சறுக்குக் காட்சியில் ஒரு முகத்தையும் கொடுத்தார். படகோட்டும் பெண் பதற்றத்தில் பெட்ரோலைக் கொட்டி எரிக்க, படகு வெடித்து, சுறாவின் முகம் கருகிவிடுகிறது. அதன்பின் அந்தத் தழும்போடுதான் வருகிறது. தழும்புள்ள வில்லனை நாம் பார்க்காததா? எனக்கு அது பயத்தைக் கூட்டவில்லை, அடையாளத்தைத்தான் கூட்டியது. வில்லியம்ஸ் இந்தப் படத்துக்குப் போட்ட இசை மட்டும் எந்தக் குறையும் சொல்ல விடாதது.

தூத்துக்குடி வாசகி: கடைசியில் மின்சாரக் கேபிளைக் கடித்துச் சுறா சாகிறதே, இதெல்லாம் நடக்குமா? சுறா பழிவாங்குமா?

பதில்: கேபிளைக் கடிப்பது நடந்திருக்கிறது. சுறாவின் மூக்குப் பகுதியில் நுண்ணிய துளைகள் உண்டு. மற்ற உயிர்களின் உடலிலிருந்து வரும் மிகச் சிறிய மின்சாரத்தைக்கூட அவற்றால் உணர முடியும். 1980களில் கானரித் தீவுகளுக்கு அருகே போட்ட சோதனைக் கேபிளில் சுறாவின் பற்களே சிக்கியிருந்தன. ஆனால் அது தகவல் தொடர்புக் கேபிள். பிராடி ரப்பர் படகில் உட்கார்ந்து துடுப்பால் தட்டித் தட்டிக் கூப்பிடுவதும், பல்லில் தீப்பொறி பறக்க அது கருகுவதும் சினிமா. எனக்கு அந்த முடிவு பிடிக்கும். முதல் படத்தில் இருந்தது போல் படித்த விஞ்ஞானியோ அனுபவசாலி மீனவரோ துணைக்கு இல்லாமல், வேலை போன மனிதர் கையில் கிடைத்ததை வைத்து முடிக்கிறார்.

பழிவாங்குதலுக்குப் படத்திலேயே பதில் இருக்கிறது. இந்தச் சந்தேகத்தைப் பிராடி கடல் உயிரியல் நிபுணரான ஒரு பெண்மணியிடம் எழுப்ப, சுறாக்கள் எதையும் சொந்தப் பகையாக எடுத்துக்கொள்வதில்லை என்று கறாராகச் சொல்லிவிடுகிறார். 1987இல் வந்த நான்காம் பாகத்தில் ஒரு சுறா பிராடி குடும்பத்தை பஹாமாஸ் வரை துரத்திப் போகிறது. விளம்பரத்திலேயே 'இந்த முறை இது சொந்தப் பகை' என்ற பொருளில் அச்சடித்தார்கள். எழுதியவர்கள் இரண்டாம் பாகத்தை ஒருமுறை பார்த்திருக்கலாம்.

சேலம் வாசகர்: ஹெலிகாப்டரைச் சுறா இழுப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். தவறா?

பதில்: இல்லை, நானும் சிரித்தேன். பாய்மரப் படகுப் பிள்ளைகள் கடலில் தத்தளிக்கும் இரண்டாம் பாதி நீளம்தான். யார் யார் என்று நினைவில் நிற்பதற்குள் ஆளைக் காணோம். தன்னைவிடச் சின்னவனான பிராடியின் இளைய மகனை மேலே ஏற்றிவிட்டுத் தான் போய்ச் சேரும் மார்ஜ் என்ற பெண் மட்டும் விதிவிலக்கு. அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

கோவை வாசகி: பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பதில்: அமெரிக்காவில் இதற்குக் கிடைத்தது, பெற்றோர் வழிகாட்டுதலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்ற 'பிஜி' சான்றிதழ். பதின்மூன்று வயது என்று கோடு போடும் சான்றிதழ் அங்கே 1984இல்தான் வந்தது, அதனால் அந்தக் காலத்துப் 'பிஜி'யை நம்பி ஏமாறாதீர்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம். கடற்கரைக்குச் சுற்றுலா போட்டிருந்தால், போய்விட்டு வந்த பிறகு பாருங்கள்.