ஒரு வயது ஆகட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேத்திக்கு இரண்டரை மாதம் ஆகிறது. பிறந்தவுடன் போட வேண்டிய தடுப்பூசிகளை மருத்துவமனையிலேயே போட்டுவிட்டார்கள். ஆறாவது வாரத்தில் சளி பிடித்திருந்ததால் ஊசிக்கு அழைத்துப் போகவில்லை. "ஊசி போட்டால் காய்ச்சல் வரும், தொடை வீங்கும்; ஒரு வயது ஆகி உடம்பு தேறட்டும்" என்கிறார்கள் வீட்டில். காத்திருக்கலாமா?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: காத்திருக்க வேண்டாம், அம்மா. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடுத்துத் தடுப்பூசி போடும் நாளிலேயே, பெரும்பாலும் அது புதன்கிழமையாக இருக்கும், தாய் சேய் நல அட்டையுடன் குழந்தையைத் தூக்கிச் செல்லுங்கள். தவறிய தவணையிலிருந்து தொடர்ந்தால் போதும். பிறந்தபோது போட்டவற்றை மறுபடி போட வேண்டியதில்லை. சாதாரணச் சளி ஊசிக்குத் தடையல்ல.

உடம்பு தேறிய பிறகு போடலாம் என்ற எண்ணம் பாசத்தில் பிறப்பதுதான். ஆனால் நோய் அதுவரை காத்திருப்பதில்லை. கக்குவான் இருமலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு அது வாரக்கணக்கில் நீளும் இருமல், அவ்வளவுதான். இரண்டு மாதக் குழந்தைக்கோ சில வேளைகளில் இருமலே வராது. மூச்சு திடீரென்று நின்று, உதடு நீலம் பாரிக்கும். தாயிடமிருந்து கருவிலேயே கிடைக்கும் எதிர்ப்பாற்றல் இந்நோய்க்குச் சொற்பமே, அதுவும் விரைவில் தேய்ந்துவிடும். அதனால்தான் 6, 10, 14 ஆகிய வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசியை வைத்திருக்கிறார்கள். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி, மஞ்சள் காமாலையின் பி வகை, ஹிப் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் இதில் அடங்கும். 2011 டிசம்பரில் இந்த ஊசி நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கப்பட்டது.

ஒவ்வொரு தேதிக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. பி வகைக் காமாலைக் கிருமி பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றினால், ஏறத்தாழ பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஆயுள் முழுக்கக் கல்லீரலில் தங்கிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐவருக்கும் குறைவானவர்களிடமே தங்கும். ஆகவே அதன் முதல் ஊசி பிறந்த 24 மணி நேரத்திற்குள் போடப்படுகிறது. தட்டம்மைக்கு மட்டும் ஒன்பதாம் மாதம் வரை பொறுப்பது ஏனென்றால், தாய் கொடுத்த எதிர்ப்பாற்றல் அதுவரை குழந்தையின் இரத்தத்தில் நின்று ஊசி மருந்தையே செயலிழக்கச் செய்துவிடும். சுவரோடு சுவர் ஒட்டிய நம் வடசென்னைச் சந்துகளில் ஒரு வீட்டுத் தட்டம்மை தெருவுக்கே பரவ அதிக நாள் ஆகாது என்பதால், ஒன்பதாம் மாதத்தைத் தள்ளிப்போடவே கூடாது.

காய்ச்சலும் வீக்கமும் வரும், உண்மைதான். உடல் அந்த மருந்தை அடையாளம் கண்டு வேலை செய்யத் தொடங்கியதன் விளைவு அது; ஓரிரு நாளில் தணிந்துவிடும். எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் அளவைச் செவிலியரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீங்கிய இடத்தைத் தேய்க்கவோ, பத்து போடவோ வேண்டாம். ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருங்கள். வலிப்பு வந்தாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் வீறிட்டு அழுதாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்ட இடத்தில் என் மகனுக்குத் தழும்பே விழவில்லை. மறுபடி போட வேண்டுமா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இடது தோளில் சில வாரங்களில் சிறு கொப்புளம் எழும்பி, உடைந்து, ஆறித் தழும்பாகும். உங்கள் தோளிலும் அது இருக்கக்கூடும். தழும்பு விழாவிட்டால் மருந்து பலிக்கவில்லை என்று பொருளல்ல. செங்கல்பட்டில் 1968-இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரியவந்தது. ஆயினும் பச்சிளம் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து அது நன்றாகக் காக்கிறது. பிறந்தவுடனேயே அதைப் போடுவதும் அதற்காகத்தான்.