வாகனிங்கன் வரப்போகும் தம்பிக்கு

மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் வேளாண் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் செய்ய நெதர்லாந்தின் வாகனிங்கனுக்கு வருகிறாராம். வாடகை எவ்வளவு, குளிர் தாங்குமா, நம்ம அரிசி கிடைக்குமா, முடித்தால் வேலை உண்டா என்று கேட்டிருக்கிறார்.

அரிசி கிடைக்கும். குளிர் பழகிவிடும். ரயில் வாகனிங்கன் வரை வராது, ஏடேயில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். இது தெரியாமல் முதல் ராத்திரி இரண்டு பெட்டியோடு நடைமேடையில் முழித்தவன் நான். வாடகையை வேறு யாராவது சொல்வார்கள்.

வேலை உண்டு, ஆனால் திட்டத்துக்குத் திட்டம். நிதி தீர்ந்தால் வேலை தீரும், விசாவும் ஆடும். அதைவிட ஆபத்து, வெறும் 'கள ஆள்' ஆகிவிடுவது. இங்கே சாண்ட்விச் முறை என்று உண்டு: தொடக்கமும் முடிவும் இங்கே, நடுவில் ஊரில் கள ஆய்வு. தமிழ் தெரியும் என்பதாலேயே அடுத்தவர் ஆய்வுக்காக வீடு வீடாகக் கேட்டு நிரப்பும் கேள்வித்தாளும் உங்கள் தலையில் விழும். பட்டம் வாங்கியபின் ஒரு நிறுவனத்துக்காகத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் குறுவை, தாளடி என்ற இரண்டு நெல் பருவத்துக்கும் அலைந்தேன். கட்டுரை வந்தபோது என் பெயர் நன்றியுரையில் இருந்தது. யார் பெயர் எங்கே வரும் என்று முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். டச்சுக்காரர்கள் நேராகக் கேட்டால் கோபிக்க மாட்டார்கள். கேட்காமல் புழுங்குவது நம் ஆட்கள்தான்.

ஐடி நண்பர்கள் "நெல்லைப் படிக்க நெல் விளையாத ஊருக்கா?" என்பார்கள். இருபது வருடமாக அதே ஜோக். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களை வைத்து ஆய்வு செய்த ஊர்களில் நம் டெல்டாவின் பாலக்குறிச்சியும் ஒன்று என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும்.

முனைவர் பட்டத்துக்காக ஊரில் கள ஆய்வு செய்தபோது என் கேள்வித்தாளில் நிலத்துக்கு ஹெக்டேர்தான். ஊரில் எல்லாரும் மாக்கணக்கு. மூன்று மா ஓர் ஏக்கர் என்று வரப்பில் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். 'சொந்தமா, குத்தகையா' என்ற கட்டம் வந்ததும் ஒரு பெரியவர் வாயை மூடிக்கொண்டார். குத்தகைப் பதிவுக்கு 1969லேயே சட்டம் வந்தாயிற்று, ஆனால் அவருடையது வாய்ப்பேச்சுக் குத்தகை. வெளியே தெரிந்தால் நிலம் போய்விடும் என்ற பயம். மறுநாள் தாளை விட்டுவிட்டுக் களத்துமேட்டில் சும்மா உட்கார்ந்தேன். டீ வந்தது. அப்புறம் அவரே சொன்னார்: எட்டு மா, அதில் ஆறு கோயில் குத்தகை, அதுவும் வேறொருவர் பேரில். "பேரு மட்டும் எழுதிடாதீங்க தம்பி" என்றார்.

எழுதவில்லை. ஆய்வேட்டில் அவர் 47ஆம் வீடு.