ஸ்பேனரை அப்புறம் எடுங்கள்

கேள்வி: பாய்மரப் படகில் பெருங்கடலைக் கடக்கும்போது நடுவழியில் இன்ஜின் படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

பதில்: முதலில் படகை அடக்குவேன். முன்பாயைக் காற்று வரும் பக்கத்துக்கு இழுத்துக் கட்டி, படகின் முகம் காற்றை நோக்கித் திரும்பும்படி சுக்கானையும் கட்டிவிட்டால், ஓட்டம் நின்று படகு மெல்ல ஒதுங்கி மிதக்கும். ஆட்டம் நன்றாகவே குறையும். டூல் பெட்டியைத் திறப்பது அதன் பிறகுதான். இன்ஜினுக்கு அடியில் பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். கழற்றிய நட்டு உருண்டு அடித்தட்டுக்குள் போய்விட்டால் அதைத் தேடுவதற்கே பொழுது போய்விடும்.

திணறித் திணறி நின்றதா? என் சந்தேகம் டீசல் ஃபில்டர் மேல். துறைமுகத்தில் டேங்கின் அடியில் சாதுவாகக் கிடக்கும் கசடு, அலை குலுக்கியதும் கிளம்பி வந்து அடைத்துக்கொள்ளும். ஃபில்டரை மாற்றிய கையோடு ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால் முதலில் நுரையாக வரும். குமிழியில்லாத டீசல் வந்ததும் இறுக்கிவிடலாம். அந்த நாற்றம் எனக்கு இன்றும் குமட்டும், வாளி பக்கத்திலேயே இருக்கும்!

சூடேறி நின்றால், இன்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை, அதாவது தண்ணீரைத் தள்ளும் இறகுச் சக்கரத்தைப் பாருங்கள். இறகு ஒடிந்திருந்தால் புதியதை மாட்டினால் மட்டும் போதாது. ஒடிந்த துண்டுகளைத் தேடி எடுத்து, எல்லாம் வந்துவிட்டதா என்று சேர்த்துப் பாருங்கள். ஒன்று குழாயில் சிக்கியிருந்தாலும் மறுபடி சூடேறும்.

எதுவும் பலிக்கவில்லையா? பாய்தான் இருக்கிறதே. ஃப்ரிட்ஜை அணைத்து, பாட்டரியை ரேடியோவுக்கும் இரவு விளக்குக்கும் மிச்சம் பிடியுங்கள்.

கேள்வி: சுக்கானைத் தானே பிடிக்கும் ஆட்டோபைலட் போனால்?

பதில்: இன்ஜினைவிட இதற்குத்தான் நான் பயப்படுவேன். இரண்டே பேர் இரவு பகலாக மாறி மாறிச் சுக்கான் பிடித்தால் தூக்கம் போகும், பின்னாலேயே புத்தியும் போகும். 2022-23 கோல்டன் குளோப் பந்தயத்தில் தனியாளாக உலகைச் சுற்றிய அபிலாஷ் டோமி, காற்றால் இயங்கும் சுக்கான் கருவி பழுதானபோது கழிப்பறைக் கதவை அறுத்து அதற்குப் பாகம் செய்தார். இரண்டாவதாகவும் வந்தார்! யாராவது புதுப் படகைக் காட்டினால் என் கண் முதலில் கதவுப் பலகைக்குத்தான் போகும்.

கேள்வி: பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் கம்பி, காற்று வரும் பக்கத்தில் அறுந்தால்?

பதில்: யோசிக்காமல் படகைத் திருப்பிக் காற்றை மறுபக்கம் வாங்குங்கள். பாரம் எதிர்ப்பக்கத்து நல்ல கம்பிக்கு மாறிவிடும். பிறகு நிதானமாக டைனீமா என்ற மிக உறுதியான செயற்கை இழைக் கயிற்றைக் கட்டி இறுக்கலாம்.