முதல் 'வேண்டாம்'

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையில் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. எனக்கு முழங்கால் வலி, சாருக்கு வயது 72. பலசரக்கைச் செயலியில் ஆர்டர் போட நியூஜெர்சியில் இருக்கும் மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். அங்கே பில்லில் 15 சதவீதம் டிப்ஸ் வைப்பாளாம், இங்கேயும் கொடுக்கணும் என்கிறாள். சாரோ, "சம்பளம் வாங்குறவனுக்கு எதுக்கு? பொங்கலுக்குப் போஸ்ட்மேனுக்குக் கொடுக்கிறோம், அது போதும்" என்கிறார். போன வாரம் அரிசி கொண்டுவந்த பையனிடம் 20 ரூபாய் நீட்டினேன். "வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டான். அவனை அவமானப்படுத்திவிட்டேனோ என்று மனசு கிடந்து அடிக்கிறது.

ஒரு வாசகி (பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள அம்மா,

அவமானமெல்லாம் ஒன்றுமில்லை. நம் பக்கத்தில் முதல் 'வேண்டாம்' கணக்கில் வராது என்பது உங்களுக்குத் தெரியாததா? மறுவீட்டுப் பந்தியில் சொதி வாளி வரும்போது இலைக்கு மேலே கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு "போதும் போதும்" என்போம். பரிமாறுகிறவர் விரலிடுக்கு வழியாகவே ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அந்தப் பையன் சொன்னதும் அந்த முதல் வேண்டாம்தான். இரண்டாவது தடவை நீங்கள் சொல்லும்வரை நிற்க அவனுக்கு நேரமில்லை. செல்போனில் அடுத்த ஆர்டர் கூப்பிட்டிருக்கும்.

சாருக்கு வருகிறேன். அவர் சொன்னதில் 'சம்பளம்' என்ற சொல்தான் இடிக்கிறது. கடையின் சொந்த ஆள் என்றால் மாதச் சம்பளம் இருக்கும். செயலிக்கு ஓடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நடைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. வண்டி அவர்களுடையது, பெட்ரோலும் அவர்கள் காசு. பஞ்சர் ஆனாலும் அவர்கள் பாடுதான். இவர்களுக்கென்று தமிழக அரசு ஒரு நலவாரியம் அமைத்ததே 2023 டிசம்பரில்தான். மத்திய அரசு 2020-இல் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி நிறுவனங்கள் தங்கள் விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது. அது நடைமுறைக்கு வர 2025 நவம்பர் ஆகிவிட்டது. போஸ்ட்மேனுக்கு அப்படியில்லை, அவருக்கு மாதாமாதம் சம்பளம் வரும். அவருக்கு நாம் கொடுத்தது பொங்கல்படி. சார் ரெண்டையும் ஒரே பையில் போடுகிறார்.

மகள் சொல்லும் அமெரிக்கக் கதை வேறு. அங்கே டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கையிலிருந்து தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்திய சட்டப்படி, மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அது அசையவில்லை. டிப்ஸ் மீதியை நிரப்பும் என்பது கணக்கு. செயலிக்குச் சாமான் கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் ஊழியர்கள் அல்ல, ஒப்பந்தக்காரர்கள் என்பதால் அந்த 2.13-உம் அவர்களுக்குச் சேராது. 2019-இல் இன்ஸ்டாகார்ட் என்ற அங்கத்திய பலசரக்குச் செயலி, வாடிக்கையாளர் வைத்த டிப்ஸைக் காட்டித் தான் தரும் கூலியைக் குறைத்தது வெளியே வந்து, மன்னிப்புக் கேட்டு முறையை மாற்றியது. பெரிய டிப்ஸ் காட்டி ஆர்டரை எடுக்க வைத்துவிட்டு, சாமான் வீட்டுக்கு வந்ததும் அதைக் குறைத்துவிடும் மகானுபாவர்களும் அங்கே உண்டு. அந்த 15 சதவீதம் அங்கேயே இருக்கட்டும்.

சதவீதமே எனக்கு ஆகாது. உங்கள் வீட்டு அரிசி மூட்டையைப் பாருங்கள். அம்பை 16 என்று அரிசி ரகத்தின் பெயர் எழுதிய சிப்பம் முன்பெல்லாம் 25 கிலோ. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான, லேபிள் ஒட்டிய பைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் பல ஆலைக்காரர்கள் 26 கிலோவாகக் கட்டிவிட்டார்கள். வரி நமக்கு மிச்சம். கூடுதல் ஒரு கிலோ அந்தப் பையனின் தோளில் ஏறி உங்கள் மாடிக்கு வருகிறது. முந்திரிப்பருப்பு ஒன்றரைக் கிலோ வாங்கினாலும் பில் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வந்துவிடும், ஒரு விரலில் மாட்டிக்கொண்டு வரலாம். பில்லைப் பார்த்துக் கொடுத்தால் ரெண்டுக்கும் ஒரே காசு. எடையையும் படியையும் வெயிலையும் பாருங்கள். தயிர் பாக்கெட்டுக்கும் கொத்தமல்லிக்கும் ஒன்றும் வேண்டாம். சிப்பம் மாடி ஏறினால் 30, அக்னி நட்சத்திர மத்தியானம் என்றால் 50.

"காசு எதற்கு, அந்தக் காலத்தில் வெயிலில் வந்தவனுக்கு மோர் கொடுத்தோமே" என்று எனக்கும் சிலர் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டிலும் கொடுத்தோம். நெல் மூட்டை இறக்க வந்தவர்களுக்கு என் ஆச்சி செம்பு நிறைய நீத்தண்ணி ஊற்றுவாள், உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்து. ஆனால் ஊற்றியது குவித்துப் பிடித்த கையில். செம்பு யார் உதட்டிலும் படாது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தம்ளர். நான் பார்த்துக்கொண்டிருந்தவன், அதனால் மோர்க் கதையைப் பெருமையாகச் சொல்ல வாய் வரவில்லை. இருபது ரூபாய்த் தாளில் அந்த வில்லங்கம் இல்லை. தண்ணியும் கொடுங்கள், நீங்கள் குடிக்கிற தம்ளரிலேயே.

செயலியில் வரும் டிப்ஸ் பெட்டியைத் தொடுவதா என்று கேட்டால், நான் தொடுவதில்லை. முழுத்தொகையும் அவர்களுக்கே போகிறது என்று சில செயலிகள் எழுதியே போட்டிருக்கின்றன, போகட்டும். சாமான் வருமுன் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 2025 மே மாதம் வாடகை வண்டிச் செயலி ஒன்று இப்படி முன்கூட்டியே கேட்டதற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது.

அப்புறம், காசைவிட அவனுக்குப் பெரிய உபகாரம் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் பழைய எண், புதிய எண் என்று கதவுக்கு ரெண்டு நம்பர், தெருவுக்குத் தெரு ஒரு பிள்ளையார் கோவில். வரைபடத்தில் உங்கள் வீட்டுப் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று மகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுங்கள். ஓடிபியைத் தேடிக் கண்ணாடியைத் தேடி நிற்க வைக்காதீர்கள்.

அடுத்த தடவை தாளை முன்கூட்டியே நாலாக மடித்து வைத்திருங்கள். ஓடிபி சொல்லும்போதே "வச்சுக்கோய்யா, டீ குடி" என்று கையில் அழுத்திவிடுங்கள். மறுபடியும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், இரண்டாவது வேண்டாம் நிஜம்.

சாருக்கு என் வணக்கம். சிப்பத்தை வாசலிலிருந்து அடுக்களை வரைக்கும் மட்டும் அவரையே கொண்டுபோகச் சொல்லுங்கள். இடுப்புக்கு நான் பொறுப்பில்லை.