பிரதேச சபையிடம் வைத்த கோரிக்கை நகர்கிறதா என்று எப்படிக் கண்டுகொள்வது?

கிணற்று நீரைக் காக்க யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஊர்க்குழு அமைத்து மனுக் கொடுத்தீர்கள், கூட்டமும் வைத்தீர்கள். பலன் வருகிறதா என்று எப்படி அளப்பது என்பது உங்கள் கேள்வி.

முதலில் கோரிக்கையைக் கூராக்குங்கள். "நிலத்தடி நீரைப் பாதுகாக்க வேண்டும்" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதோடு சரி. "புதிய வீட்டு அனுமதிக்குக் கசியாத மலக்குழி கட்டாயம்" என்றால் ஓம் அல்லது இல்லை சொல்லியாக வேண்டும். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் குழியிலிருந்து கசிவது வெடிப்புகள் வழியே கிணற்றைச் சேர்கிறது. ஆனால் கசியாத குழி நிரம்பும். கழிவை எடுக்கப் பவுசரும் சுத்திகரிக்க இடமும் இல்லாவிட்டால் அது இரவில் ஏதோவொரு வெறுங்காணியில் கொட்டப்படும். ஆகவே இந்த உபவிதியோடு (சபை இயற்றும் உள்ளூர் விதி) பாதீட்டு ஒதுக்கீட்டையும் சேர்த்தே கேளுங்கள்.

நீர்ப் பரிசோதனை அறிக்கையைக் காட்டுமுன் அலகைப் பாருங்கள். மலக்குழிக் கசிவால் கிணற்று நீரில் கூடும் நைத்திரேற்றுக்கு உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் வைத்த உச்ச அளவு, நைத்திரேற்றாகக் கணித்தால் லீற்றருக்கு 50 மில்லிகிராம், நைதரசனாகக் கணித்தால் ஏறத்தாழ 11. இரண்டையும் குழப்பினால் முதல் அமர்விலேயே உங்கள் வாதம் விழுந்துவிடும்.

சபை உபவிதியை நிறைவேற்றினாலும் மாகாண மட்ட அங்கீகாரமும் வர்த்தமானி அறிவித்தலும் தேவை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. தேர்தல் நடக்கும்வரை அந்தப் பாதை ஆளுநர் ஊடாகவே. பாதீடு ஆண்டு முடிவுக்குள் நிறைவேறும் என்பதால், டிசம்பரில் போய் நிற்பது வீண். செப்டெம்பரிலேயே செயலாளரையும் உறுப்பினர்களையும் சந்தியுங்கள். பழைய தரவு வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி அதற்கும் முன்பே விண்ணப்பியுங்கள்: தருவதா இல்லையா என்று முடிவெடுக்கவே 14 வேலை நாட்கள் உண்டு, மறுத்தால் மேன்முறையீடு இன்னும் இழுக்கும்.

இனி அளப்பது. எத்தனை கூட்டம், எத்தனை கையெழுத்து என்பது உங்கள் உழைப்பின் கணக்கு மட்டுமே. முடிவெடுப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று மாதமொருமுறை எழுதுங்கள்: விடயம் தெரியாது, தெரியும், தனியே ஆதரிக்கிறார், சபையில் பேசினார், வாக்களித்தார். கடைசி இரண்டுக்கும் கூட்ட அறிக்கையே சான்று. "செய்து தாறன்" என்ற வாய்ச்சொல் மூன்றாம் படியைத் தாண்டாது. இரண்டு மாதம் ஒருவர் அசையாவிட்டால் மனுவைத் திரும்பக் கொடுக்காமல், போய்ப் பேசும் ஆளை மாற்றுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னால் கேட்கும் உறுப்பினர்கள் உண்டு. இந்தக் குறிப்பேட்டை வட்சப் குழுவில் போடவே வேண்டாம்.

வர்த்தமானி வந்து ஆறு மாதத்தில் இன்னொரு தகவல் விண்ணப்பம் போடுங்கள்: வழங்கிய கட்டட அனுமதிகள் எத்தனை, அவற்றில் கசியாத குழி பரிசோதிக்கப்பட்டவை எத்தனை என்று.