புல்லில் உறைபனி, கடலில் பனிக்கட்டி: மலைக்காரர்கள் கேட்டவை

மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் தினமும் விடியற்காலையில் வெப்பமானியும் மழைமானியும் பார்த்துக் குறித்தவன் நான். வேலையை விட்ட பிறகு துருவக் கடல்களின் பனிக்கட்டி வரைபடத்தைப் பார்ப்பது தினசரிப் பழக்கமாகிவிட்டது. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செண்டுவாரையிலிருந்து கொழுந்து பறிக்கும் ஒரு தங்கச்சி: அண்ணே, காலையில் புல்லெல்லாம் வெள்ளை வெளேர் என்று கிடந்தது. ஆபீஸ் வாசல் வெப்பமானியோ 3 டிகிரி காட்டியது. பூஜ்யத்துக்கு மேலே இருக்கும்போது எப்படி உறைந்தது? மூணாறில் பனிமழை என்று வேறு வீடியோ போடுகிறார்களே?

வெப்பமானி சொன்னதும் சரி, புல் சொன்னதும் சரி. வெப்பமானி நாலடி உயரத்தில் நிழலில் தொங்குகிறது. புல் தரையோடு கிடக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரை தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு விட்டுவிடும். மேகம் இருந்தால் கம்பளி போர்த்தியதுபோல் கொஞ்சம் திரும்பி வரும். அது இல்லாத ராத்திரியில் புல் நுனி, மேலே உள்ள காற்றைவிட நாலைந்து டிகிரி கீழே போய்விடும். காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து உறைகிறது.

குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டு லயத்தை (தொழிலாளர் வீட்டு வரிசையை)ச் சுற்றி ஒன்றுமில்லாமல், ஓடைக்கரைத் தேயிலை மட்டும் கருகியிருக்கும். பார்த்திருப்பாய்.

பனிமழை என்பது தவறு. மேகத்துக்குள்ளேயே படிகமாகி வானிலிருந்து விழும் பனி இமயமலையில் உண்டு, நம் மூணாறில் அது விழுவதில்லை. பனித்துளி, மூடுபனி, உறைபனி, பனிக்கட்டி எல்லாவற்றையும் நாம் ‘பனி’ என்றே சொல்லிவிடுகிறோம். பாதிக் குழப்பம் அங்கேதான்.

வட்டவடையிலிருந்து ஒரு விவசாயி: உருளைக்கிழங்குச் செடி கருகிவிடுகிறது. உறைபனி ராத்திரியில் தண்ணீர் தெளிக்கச் சொல்கிறார்கள். குளிரில் தண்ணீர் ஊற்றினால் இன்னும் கெடாதா?

தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளியே விடும், ஒரு கிராமுக்கு 80 கலோரி. இலைமேல் தண்ணீர் விடாமல் உறைந்துகொண்டே இருந்தால் இலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும், அதற்குக் கீழே போகாது. ஆனால் நடுவில் நிறுத்தக் கூடாது. வெயில் வந்து கட்டி உருகும்வரை ஸ்பிரிங்ளர் ஓட வேண்டும். பாதியில் நின்றால் ஈரம் ஆவியாகி இலை இன்னும் குளிர்ந்துவிடும். அவ்வளவு தண்ணீர் இல்லையென்றால் சாயங்காலமே காய்ந்த புல்லால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள்.

போடிமெட்டிலிருந்து ஒரு ஜீப் டிரைவர்: ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று அப்பத்தா சொல்லும். பகல் ரொம்பக் குறைவு மார்கழியில்தானே? பிறகு ஏன் தையில் கூடுதல் குளிர்?

அப்பத்தா சொன்னது சரியான கணக்கு, தம்பி. டிசம்பர் 21-ஐ ஒட்டி வெயில் மிகக் குறைவு. அதற்குப் பிறகும் சில வாரம் தரைக்கு வரவைவிடச் செலவே அதிகம், அதனால் இறங்கிக்கொண்டே போகும். நம் மலையில் மார்கழிவரை வடகிழக்குப் பருவமழையின் மேகம் வந்துபோகும், தையில் வானம் வெளுத்துவிடும். வடதுருவக் கடலிலும் இதே கதைதான். கடல் இன்னும் மெதுவாகக் குளிர்வதால் அங்கே பனிக்கட்டி உச்சத்துக்கு வருவது மார்ச் மாதத்தில், அதாவது நம் மாசி, பங்குனியில்.

குமுளியிலிருந்து ஒரு எட்டாம் வகுப்புப் பாப்பா: உப்புத் தண்ணீர் உறையுமா? அந்தக் கட்டி கரிக்குமா?

உறையும், சுமார் -1.8 டிகிரியில். உறையும்போது உப்பு வெளியே தள்ளப்படுகிறது. கொஞ்சம் மட்டும் சின்னச் சின்னக் குழிகளில் மாட்டிக்கொள்ளும். அதனால் புதுக் கட்டி கரிக்கும். இரண்டு மூன்று வருஷம் உருகாமல் கிடந்த கட்டியில் உப்பு வடிந்துபோயிருக்கும், உருக்கிக் குடிக்கலாம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் ஆசிரியை: வடதுருவப் பனி உருகினால் கொச்சி முழுகிவிடும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். என்ன சொல்வது?

டீச்சர், கடல்மேல் மிதக்கும் கட்டி உருகுவதால் மட்டம் கிட்டத்தட்ட ஏறாது. தம்ளரில் ஐஸ் போட்டுக் காட்டுங்கள், உருகிய பிறகும் தண்ணீர் வழியாது. நிலத்தின்மேல் கிடக்கும் பனிதான் கடலை ஏற்றும். கிரீன்லாந்துப் பனி முழுக்க உருகினால் சுமார் 7 மீட்டர். அதற்குப் பல நூறு வருஷங்களுக்கு மேல் ஆகும். ஆனால் கடல் மட்டத்துக்குக் கீழேயே வயல் வைத்திருக்கும் குட்டநாட்டுக்குச் சில அங்குலமே பெரிய விஷயம்.

அதற்காக மிதக்கும் கட்டி போனால் பரவாயில்லை என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. பனி மூடிய கட்டி வெயிலில் நூற்றுக்கு எண்பது பங்கு திருப்பி அனுப்பும். கறுத்த கடல் பத்துப் பங்குகூட அனுப்பாது. கட்டி போன இடத்தில் கடல் சூடாகி, பக்கத்துக் கட்டியையும் கரைக்கிறது.

சூரியநெல்லியிலிருந்து ஒருவர்: இந்த வருஷம் இப்படிக் குளிருகிறதே, உலகம் சூடாகிறது என்பது பொய்தானே?

ஒரு பள்ளத்தின் ஒரு ராத்திரியை வைத்து உலகத்தை அளக்க முடியாது, அண்ணாச்சி. துருவக் கடல் பனிக்கட்டிக்கு 1979 முதல் செயற்கைக்கோள் கணக்கு தொடர்ச்சியாக இருக்கிறது. வடதுருவத்தில் கட்டி மிகக் குறைவது செப்டம்பரில். 1980-களில் அந்த மாதத்தில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் மிஞ்சும். 2012 செப்டம்பரில் மிஞ்சியது 34 லட்சம், ஏறக்குறைய நம் இந்தியா அளவு. தென்துருவத்தில் கதை வேறு. 2014-இல் அங்கே குளிர்கால உச்சம் 2 கோடியைத் தாண்டியது, பலர் அதைக் காட்டி வாதாடினார்கள். அங்கே கோடையில், பிப்ரவரியில்தான் கட்டி மிகக் குறையும்; 2023 பிப்ரவரியில் அது 18 லட்சத்துக்கும் கீழே விழுந்தது, செயற்கைக்கோள் கணக்கில் அதுவரை காணாத குறைவு. அந்த வரைபடத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுபடியும் செண்டுவாரைத் தங்கச்சி: காலையில் கொழுந்தில் கை வைத்தால் விறைத்துப்போகிறது. அடுப்பில் காட்டினால் போதுமா?

வேண்டாம்மா. விறைத்த கைக்குச் சூடு தெரியாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். அக்குளில் வைத்துக்கொள், இல்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கு. நனைந்த கையுறையைக் கழற்றி, காய்ந்ததை மாட்டு. வெள்ளை படிந்த காலையில் வெயில் செடிமேல் இறங்கும்வரை ஒரு மணி நேரம் தள்ளிப் பறிக்கலாமா என்று எல்லோருமாகச் சேர்ந்து சூப்பர்வைசரிடம் கேளுங்கள்.