இரைச்சலுக்கு முகம் காட்டும் வளையம்: ஹாம் ரேடியோ கேள்வி பதில்

ஹாம் ரேடியோவில், அதாவது பொழுதுபோக்கு வானொலித் தொடர்பில், 160 மீட்டர், 80 மீட்டர் அலைவரிசைகளில் (1.8, 3.5 மெகாஹெர்ட்ஸ்) கேட்பதற்கு மட்டும் லூப் ஆண்டெனா, அதாவது கம்பி வளைய ஆண்டெனா, கட்டுவது பற்றிக் குமரி மாவட்ட நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். நாகர்கோவிலில் மொட்டை மாடியிலும், பிறகு ஒரு தென்னை விளையிலும் கட்டிக் கெடுத்துக் கற்றதைச் சொல்கிறேன்.

கருங்கல் நண்பர்: அண்ணாச்சி, மாடியில் 80 மீட்டர் அலைவரிசைக்கு டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த நீளக் கம்பி ஆண்டெனா) கட்டியிருக்கிறேன். இரவில் சிக்னல் பலம் காட்டும் எஸ் மீட்டர் முள் 9இலேயே நிற்கிறது, எல்லாம் இரைச்சல். லூப் வைத்தால் நிலையங்கள் பலமாகக் கேட்குமா?

கேட்காது. இன்னும் மெலிதாகத்தான் கேட்கும். முதல் நாள் லூப்பை மாட்டியவுடன் "ஒன்றுமே வரவில்லையே" என்று கழற்றி எறிந்தவர்களில் நானும் ஒருவன். இந்த அலைவரிசைகளில் ரிசீவருக்குப் பலம் போதாமல் நாம் தவிப்பதில்லை, இரைச்சல் மிகுந்துதான் தவிக்கிறோம். டைபோலில் இரைச்சல் 9, நிலையம் 8 என்றால் நிலையம் கேட்காது. லூப்பில் இரைச்சல் 3, நிலையம் 5 என்றால் முள் படுத்தே கிடந்தாலும் சொல் சொல்லாகப் புரியும். முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதால் கேளுங்கள்.

இன்னொரு வசதியும் உண்டு. 160 மீட்டருக்கு அரை அலை டைபோல் ஏறத்தாழ 78 மீட்டர் நீளம். நம் ஊர் மனைகளில் அதைக் கட்ட வேண்டுமென்றால் இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களின் சம்மதமும் வேண்டும். லூப்புக்கு ஒரு மீட்டர் இடம் போதும்.

தக்கலை பாலிடெக்னிக் மாணவர்: சார், அளவும் பொருட்களும் சொல்லுங்கள். செலவு குறைவாக இருந்தால் நல்லது.

ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம். பிவிசி குழாயைச் சிலுவை போலப் பொருத்தினால் போதும். அதில் 2 மில்லிமீட்டர் செம்புக் கம்பியை, சுற்றுகளுக்கிடையே 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, இரண்டு சுற்று சுற்றுங்கள். இதன் தூண்டல் சுமார் 15 மைக்ரோஹென்றி வரும். 1.82 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசைய ஏறத்தாழ 520 பிகோஃபாரட் வேண்டும், 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு 140 போதும். பழைய வால்வு ரேடியோவில் நிலையம் மாற்றத் திருப்பும் கேங் கண்டன்சர் கிடைத்தால் அதன் இரண்டு பகுதிகளையும் இணையாக இணைத்து, கம்பியின் இரு முனைகளுக்கிடையே மாட்டுங்கள். இரண்டு அலைவரிசைகளும் அடங்கிவிடும்.

ரிசீவருக்குப் போகும் கேபிளை இந்தக் கம்பியில் நேரடியாக இணைக்காதீர்கள். 20 சென்டிமீட்டர் அளவில் ஒற்றைச் சுற்று வளையம் ஒன்றைப் பெரிய சட்டத்துக்கு உள்ளே, கம்பியை ஒட்டி வைத்து, அதிலிருந்து எடுங்கள். கேபிள் டிவிக்காரர்கள் இழுக்கும் ஆர்ஜி-6 போதும். 75 ஓம் ஆயிற்றே என்று கவலைப்படாதீர்கள். கேட்பதற்கு அது ஒரு குறையே இல்லை. ஆனால் கேபிளை ஒரு ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் எட்டுப் பத்துச் சுற்று சுற்றிவிட மறக்காதீர்கள். இல்லையென்றால் வீட்டு இரைச்சல் முழுவதும் கேபிளின் வெளித்தோல் வழியாகவே ஏறி வந்துவிடும். அப்புறம் ஆண்டெனாவைத் திருப்பினாலும் ஒன்றுதான், திருப்பாவிட்டாலும் ஒன்றுதான்.

கன்னியாகுமரி வாசகி: எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும், அண்ணா?

பலரும் இதை டிஷ் ஆண்டெனா போல நினைத்து, சட்டத்தின் முகத்தை நிலையத்துக்குக் காட்டுகிறார்கள். அது தலைகீழ். லூப் தன் விளிம்பு நீளும் இரு திசைகளிலும் நன்றாகக் கேட்கும். முகம் பார்க்கும் இரு திசைகளிலும் செவிடு. ஆகவே முகத்தை இரைச்சலுக்குக் காட்டுங்கள். நிலையம் தன் பாட்டுக்கு வரும்.

இதைப் பழக நம் மாவட்டத்தில் நல்ல வசதி இருக்கிறது. பகலில் 1053 கிலோஹெர்ட்ஸில் தூத்துக்குடி வானொலியைப் பிடியுங்கள்; நாகர்கோவிலுக்கு அது வடகிழக்கு. சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கையில் வைத்து மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் குரல் சட்டென்று மங்கும். அதன் உள்ளே இருக்கும் ஃபெரைட் குச்சி அப்போது தூத்துக்குடியை நோக்கி நிற்கிறது என்று பொருள். லூப்பும் அதே வித்தையைத்தான் செய்கிறது. இரவில் இதைச் சோதித்துவிட்டு "லூப் பழுது" என்று சொல்லாதீர்கள். இரவில் அலை வானத்திலிருந்து சாய்வாக இறங்குவதால் அந்தச் செவிட்டுப் புள்ளி அவ்வளவு கூர்மையாக இருக்காது.

குளச்சல் நண்பர்: மழையில்லாத நாட்களில் விடியற்காலையில் "கர்ர்ர்" என்று ஓர் இரைச்சல். பெருமழை பெய்தால் இரண்டு நாள் நிம்மதி. இது என்ன?

உப்பு. கடற்காற்று கொண்டுவரும் உப்பு மின்கம்பத்துப் பீங்கான்களில் படிகிறது. விடியற்காலைப் பனியில் அது ஈரமாகி மின்சாரம் மேற்பரப்பில் கசிகிறது. அங்கங்கே சின்னச் சின்னப் பொறி தெறிக்கிறது. பெருமழை உப்பைக் கழுவிவிட்டால் அடங்கிவிடும். முட்டம் பக்கமும் இதே கதைதான். இதற்கு நேர்மாறாக, காய்ந்த வெயிலில் ஓயாமல் இரைந்து, தூறல் விழுந்தவுடனே நின்றால் எங்கோ ஒரு கம்பத்தில் இரும்புச் சாமான் தளர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் 100 ஹெர்ட்ஸ் முரல்தான். மழை எப்படி மாற்றுகிறது என்பதில்தான் வேறுபாடு தெரியும். டிரான்சிஸ்டரோடு தெருவில் நடந்து எந்தக் கம்பம் என்று கண்டுபிடித்து, கம்ப எண்ணைக் குறித்து மின்வாரியத்தில் எழுதிக் கொடுங்கள். எண் இல்லாமல் போனால் வேலை நடக்காது.

ஆனால் தெருவுக்குப் போகுமுன் வீட்டைப் பாருங்கள். மூன்று வாரம் நான் தெருவில் இருந்த ஒரு டிரான்ஸ்ஃபார்மரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் ரிசீவரை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். அமைதி! ஒவ்வொரு ஃபியூசாகப் போட்டுப் பார்த்ததில், குற்றவாளி அம்மாவின் அறையில் இருந்த மலிவான மொபைல் சார்ஜர். எல்இடி பல்பு, மின்விசிறி ரெகுலேட்டர், சோலார் இன்வெர்ட்டர் எல்லாமே இந்த ஜாதிதான். லூப்பை வீட்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி வைப்பது எந்த விலையுயர்ந்த பெருக்கியை விடவும் அதிகப் பலன் தரும்.

கோட்டாறு நண்பர்: லூப்பைக் கேபிளின் உலோக உறைக்குள் வைத்துக் கட்டினால் இரைச்சல் வராது என்கிறார்களே?

உறை இரைச்சலை வடிகட்டுவதில்லை. உறையின் நடுவில் இடைவெளி விட்டுச் சமச்சீராகக் கட்டினால் லூப் சரியாகச் சமநிலைப்படும். பலன் அதனால் வருவது. நான் சொன்ன தனி வளையமும் ஃபெரைட்டும் அதையே மலிவாகச் செய்யும்.

குலசேகரம் அன்பர்: ரப்பர் தோட்டத்தில் தாராளமாக இடம் இருக்கிறது. பெரிதாக ஏதாவது?

கொடுத்து வைத்தவர். அமெரிக்க ஹாம் கேரி பிரீட் 1997இல் வெளியிட்ட, அவருடைய அழைப்புக் குறியையே பெயராகக் கொண்ட கே9ஏஒய் லூப்பைக் கட்டுங்கள். ஏழரை மீட்டர் உயர மூங்கிலின் உச்சியிலிருந்து சுமார் 26 மீட்டர் கம்பியை முக்கோணமாக இறக்குங்கள். இரண்டு முனைகளும் அடியில் ஒரே எர்த் கம்பிக்கு அருகே வந்து சேரும். ஒரு முனையில் கேபிளை இணைக்கச் சின்ன 9:1 டிரான்ஸ்ஃபார்மர், மறுமுனையில் எர்த்துக்கு 400 முதல் 500 ஓம் வரை மின்தடை. சின்ன லூப் இரு பக்கமும் கேட்கும். இது ஒரு பக்கம் மட்டும் கேட்கும். மின்தடை உள்ள பக்கம் காது மந்தம். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து முனைகளை மாற்றினால் திசையும் மாறும். இதற்குக் குறுக்காக, 90 டிகிரி திருப்பி இன்னொரு லூப்பும் சேர்த்தால் நான்கு திசைகள். வடமேற்கில் ஐரோப்பா, வடகிழக்கில் ஜப்பான் என்று எடுத்துக்கொண்டு முதலில் அந்த இரண்டுக்கும் கம்பியைச் சரிசெய்யுங்கள். மரங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். பால் வெட்ட வருபவர் கழுத்தில் கம்பி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரல்வாய்மொழி நண்பர்: இங்குள்ள காற்றுக்கு நிற்குமா?

ஒரு மீட்டர் சட்டம் நிற்கும். காற்றாலைக்குப் பேர்போன கணவாய் என்பதால் மூன்று பக்கமும் நைலான் கயிறு கட்டுங்கள். தென்னையில் மட்டும் கட்டாதீர்கள். ஆடுகிற மரத்தில் கம்பி நிலைக்காது.

மார்த்தாண்டம் மாணவி: அங்கிள், இதிலேயே ஒலிபரப்பவும் செய்யலாமா?

கூடாது. கண்டன்சரில் பொறி பறக்கும். பெருக்கி இருந்தால் அது கருகும். அனுப்புவதற்கு டைபோல், கேட்பதற்கு லூப். அனுப்பும்போது லூப்பைத் துண்டிக்க ரிலே வையுங்கள்.

கருங்கல் நண்பர் மீண்டும்: எப்போது தொடங்கலாம், அண்ணாச்சி?

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. போதாததற்கு ஏப்ரல், மே மாதங்களில் கோடை இடி. ஐப்பசி அடைமழையில் மின்னல் வெடிப்புதான் கேட்கும். அந்த நாட்களில் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வானம் அமைதியாக இருக்கும். அதற்குள் சட்டத்தை அடித்து, திருகுகள் எல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். மார்கழியில் விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு 1.8 மெகாஹெர்ட்ஸில் உட்காருங்கள். நானும் அங்கேதான் இருப்பேன்.